பனியே பெய்யாத நாட்டுக்காரர்கள் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போவது வெறும் விளம்பரத்துக்குத்தானா?

கேள்வி: வெயில் நாடுகளிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு ஆட்கள் போவது ஏன்? கடைசியில்தான் வரப்போகிறோம் என்று தெரிந்தே போகிறார்கள். இது வெறும் விளம்பரம்தானே? நன்றாக விளையாடுகிற இன்னொருவரின் இடத்தை வீணடிப்பது ஆகாதா?

விளம்பரத்துக்காகவே போனவர் உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2014 சோச்சியில் லூஜ் என்ற சறுக்குவண்டிப் போட்டியில் இறங்கிய, பசிபிக் தீவு நாடான டோங்காக்காரரின் பெயர் புரூனோ பனானி. அதே பெயரில் ஜெர்மனியில் ஓர் உள்ளாடை நிறுவனம் இருக்கிறது. அட, என்ன பொருத்தம் என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் வெளியே வந்தது, அவருடைய இயற்பெயர் ஃபுவாஹேயா செமி, அந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்காகவே பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று. ஒலிம்பிக் கமிட்டியில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் மனிதர் கையில் இருந்த பாஸ்போர்ட்டிலேயே அந்தப் பெயர்தான், என்ன செய்ய முடியும்?

ஆனால் ஒன்று பாருங்கள். பெயர் இரவல்தான், தடம் இரவல் இல்லையே. மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பனிக்கட்டிக் கால்வாய் ஒன்றில் இறங்கித்தான் ஆக வேண்டும், எந்த வளைவையும் ஸ்பான்ஸர் வந்து திருப்பித் தரப்போவதில்லை. அவர் வந்தது 32வது இடம், கடைசி இடம் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம்: இவர்கள் ஏன் பெரும்பாலும் பின்னால் வருகிறார்கள்? குளிர் தாங்காது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். குளிருக்கு ஜாக்கெட் போட்டால் போச்சு, ஒரு வாரத்தில் பழகிவிடும். காரணம் அது இல்லை.

என் வாழ்க்கையில் நான் ஸ்கீ மாட்டியது இரண்டே நாள். முதலில் அந்த பூட்ஸ். ஷூ என்று நினைக்காதீர்கள், பிளாஸ்டிக் ஓடு. நாலு கொக்கியையும் இழுத்து மாட்டினால் முழங்காலுக்குக் கீழே நம்முடையது என்று எதுவும் இல்லை, கணுக்கால் அசையாது, நேராக நிற்கவும் முடியாது, கெண்டைக்காலைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி முன்னால் சாய்ந்துதான் நிற்க வேண்டும். ஸ்கீயின் முனைகளை உள்ளே சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு வடிவத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கு என்றார் பயிற்சியாளர். இறங்கினேன். சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது, பயந்தவன் உடம்பு வேறென்ன செய்யும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடை இருக்காது, எடை இல்லாவிட்டால் அது திரும்பாது, திரும்பாவிட்டால் நேரே கீழேதான். பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்தவனுக்குத்தான் ஸ்கீ கட்டுப்படும். இது காதில் ஏற எனக்கு ஒரு நிமிடம் ஆனது, காலில் ஏற இரண்டு நாள் போதவில்லை. என் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று மூக்கு ஒழுகிக்கொண்டே சர்ரென்று போனது. அதற்கு என்னைவிட வீரம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை, பனியில் என்னைவிட நூறு மணி நேரம் அதிகமாக நின்றிருக்கும், அவ்வளவுதான்.

அதிலிருந்து இந்தப் போட்டிகளை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. எந்தப் பனி விளையாட்டை எடுத்தாலும் பனி இல்லாமலே பழகக்கூடிய பங்கு ஒன்று இருக்கிறது, பனியில் மட்டுமே பழக முடிகிற பங்கு ஒன்று இருக்கிறது. முதல் பங்கில் வெயில் நாட்டுக்காரர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அடி வாங்குவதெல்லாம் இரண்டாவதில்.

இதற்கு ஜமைக்காவைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர்களை வைத்து 1993ல் ஹாலிவுட்டில் எடுத்த நகைச்சுவைப் படத்தின் வழியாகத்தான் பலருக்கும் அந்தக் கதை தெரியும், அதனால் அரைகுறையாகத் தெரியும். நடந்தது இது. ஜார்ஜ் ஃபிட்ச், வில்லியம் மலோனி என்று இரண்டு அமெரிக்கர்கள், ஜமைக்காவில் நடக்கும் தள்ளுவண்டிப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, இதையே பனிக்கட்டியில் செய்தால் பாப்ஸ்லெட்தானே (பனிக்கட்டித் தடத்தில் உட்கார்ந்து சறுக்கும் வண்டி) என்று யோசித்தார்கள். முதலில் நல்ல ஓட்டக்காரர்களைத் தேடிப் போனார்கள், யாரும் அசையவில்லை. அப்புறம் ராணுவத்தின் கதவைத் தட்டினார்கள். வண்டியை ஓட்ட அமைந்த டட்லி ஸ்டோக்ஸ் ராணுவ ஹெலிகாப்டர் பைலட். டெவன் ஹாரிஸ் ராணுவ அதிகாரி. மைக்கேல் வைட் மூன்றாவது ஆள். நாலாவதாக வந்த கிறிஸ் ஸ்டோக்ஸ் அண்ணன் டட்லி போட்டியிடுவதைப் பார்க்கத்தான் 1988ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த கால்கரிக்கு வந்தார், ஓர் ஆளுக்கு அடிபட்டதும் இவரைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர் பாப்ஸ்லெட்டில் உட்கார்ந்ததே இல்லை.

நால்வர் பாப்ஸ்லெட் என்றால் வண்டியும் ஆட்களும் சேர்ந்து 630 கிலோ வரை இருக்கலாம். அதை ஏறக்குறைய 50 மீட்டர் தூரம் ஓடித் தள்ளிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே குதிக்க வேண்டும். ஐந்து நொடி வேலை. இந்தத் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்தால் கீழே போய்ச் சேரும்போது அது மூன்று பங்காகிவிடும் என்பது அந்த விளையாட்டில் எல்லோரும் சொல்கிற கணக்கு. தள்ளுவதற்குப் பனி தேவையில்லை, சக்கரம் வைத்த வண்டியும் வலுவான தொடையும் போதும். நால்வர் போட்டியின் மூன்றாவது ஓட்டத்தில் ஜமைக்கா தள்ளிய தள்ளல் அன்றைக்கு ஏழாவது வேகமான தொடக்கம். பனி கொட்டும் நாடுகள் பலவற்றை அந்த ஐந்து நொடியில் பின்னால் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் வளைவுகள் வந்தன. பாப்ஸ்லெட்டை ஓட்டுகிறவர் கையில் இருப்பது இரண்டு கயிறு, அவற்றின் நுனியில் இரண்டு வளையம். வளைவு கண்ணில் பட்டபிறகு இழுத்தால் காரியம் கெட்டது, முன்கூட்டியே, நூல் அளவு, சரியான நொடியில் இழுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி திரும்பத் திரும்ப இறங்குவது. இங்கேதான் இடிக்கிறது. ஓர் ஓட்டம் முழுவதும் சுமார் ஒரு நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம் கிடைத்தால் பெரிய விஷயம். அப்படியென்றால் ஒரே ஒரு மணி நேரம் ஓட்டிய அனுபவம் சேர இருபது நாள் ஆகும், அந்த இருபது நாளும் வெளிநாட்டில், வாடகைத் தடத்தில். இந்தத் தடங்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் இருபதுகூடத் தேறாது. கால்கரியில் வண்டி வளைவில் மேலே ஏறி, கவிழ்ந்து, நாலு பேரின் தலைக்கவசமும் பனிக்கட்டிச் சுவரில் உரச உரச வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது. படத்தில் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு எல்லைக்கோட்டைக் கடப்பார்கள். நிஜத்தில் சுமக்கவில்லை, வண்டியோடு கூடவே நடந்து வந்தார்கள். எனக்கு அந்த நடைதான் பிடிக்கும்.

அதே டட்லி ஸ்டோக்ஸ் ஆறு வருடம் கழித்து 1994 லில்லஹாமரில் அதே நால்வர் போட்டியை ஓட்டி 14வது இடத்தில் வந்தார், பிரான்ஸும் அமெரிக்காவும் பின்னால். (முழுசாகச் சொல்லிவிட வேண்டும், அமெரிக்காவின் இன்னொரு வண்டி சறுக்குக் கம்பிகள் அனுமதித்ததைவிடச் சூடாக இருந்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. கம்பி சூடானால் பனிக்கட்டியில் வழுக்கல் கூடும், அதனால் தொடங்கும் முன்பே வெப்பநிலை பார்ப்பார்கள்.) இந்த 14வது இடத்தைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. கவிழ்ந்தது சிரிப்பு, 14வது இடத்தில் என்ன சிரிப்பு இருக்கிறது?

பணம் இல்லாவிட்டால் அனுபவமும் சேராது. 1998க்குப் பிறகு ஜமைக்காவின் நால்வர் அணி மறுபடி ஒலிம்பிக்ஸில் இறங்க 24 வருடம் பிடித்தது. 2022 பெய்ஜிங்கில் ஓட்டிய ஷான்வெய்ன் ஸ்டீபன்ஸ் அப்போது பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தவர். 2020ல் ஊரடங்கில் ஜிம் எல்லாம் மூடிக்கிடக்க, அவரும் அணித்தோழர் நிம்ராய் டர்கட்டும் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத் தெருக்களில் ஒரு மினி காரைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பயிற்சி எடுத்தார்கள். பார்த்தவர்கள் வண்டி நின்றுபோய்விட்டது என்று நினைத்து உதவிக்கு வந்திருக்கிறார்கள். எலிசபெத் ராணியோடு ஒரு காணொளி அழைப்பில் இதைச் சொன்னபோது ராணியும் சிரித்துவிட்டார். கேட்க வேடிக்கைதான், ஆனால் நான் சொன்ன முதல் பங்குக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி எது சொல்லுங்கள்.

நைஜீரியாவின் செயுன் அடிகுன் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவர். பாப்ஸ்லெட் பழகத் தன் காரேஜிலேயே மரத்தில் ஒரு வண்டி செய்து, அதற்கு மேஃப்ளவர் என்று பெயர் வைத்து, ங்கோசி ஒன்வுமேரே, அகுவோமா ஒமியோகா என்ற இரண்டு ஓட்டக்காரிகளைச் சேர்த்துக்கொண்டு, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 2018 பியாங்சாங்குக்குத் தகுதி பெற்றபோது ஆப்பிரிக்காவிலிருந்து ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் பாப்ஸ்லெட் அணி அதுதான். போட்டியில் கடைசி இடம். மரவண்டியில் ஓடித் தள்ளுவதைப் பழகலாம், வளைவைப் பழக முடியாது.

ஓட்டக்காரர்களைப் பனிக்கு அழைத்துப் போவது இன்னொரு விளையாட்டிலும் நடந்தது, பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போகிற கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில். மூச்சு இருந்தால் போதும், கென்யாக்காரனிடம் இல்லாத மூச்சா என்று ஒரு ஷூ கம்பெனி நினைத்தது. 1996ல் நைக்கி ஃபிலிப் பாய்ட் என்ற ஓட்டக்காரரை ஃபின்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டு வருடத்தில், 1998 நகானோவில், 10 கிலோமீட்டர் போட்டியில் நிற்கிறார். நார்வேயின் பியோர்ன் டேலி 27 நிமிடம் 24 நொடியில் முடித்து ஜெயித்துவிட்டார். பாய்ட் முடிக்க ஆனது 47 நிமிடம் 25 நொடி. 92 பேரில் 92வது. மூச்சில் குறையே இல்லை, ஆனால் ஸ்கீயில் ஒவ்வொரு எட்டும் சறுக்கலாக மாற வேண்டும், அப்படி மாறாத எட்டு ஒவ்வொன்றும் வீண் உழைப்பு. டேலி பதக்க மேடைக்குக்கூடப் போகாமல் எல்லைக்கோட்டில் காத்து நின்று அவரைக் கட்டிப்பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். பாய்ட் பின்னால் பிறந்த தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். அதோடு முடியவில்லை, 2002ல் சால்ட் லேக் சிட்டிக்கு மறுபடி வந்தார், அந்தத் தடவை அவர் கடைசி இல்லை. இந்த இரண்டாம் பாகத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை.

டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவா, அதுதான் 2016 ரியோ தொடக்க விழாவில் எண்ணெய் பூசிய வெற்றுமார்போடு கொடி பிடித்தாரே, அவர் ரியோவில் ஆடியது டேக்வாண்டோ. அதற்கப்புறம் ஸ்கீயிங் என்றார். சக்கரம் வைத்த ஸ்கீயில் தார் ரோட்டில் பழகி, பனியில் சில வாரங்கள் மட்டும் நின்று, நாடு நாடாகச் சிறிய போட்டிகளுக்கு அலைந்து, தகுதிக்கான நாள் முடிகிற நேரத்தில் ஐஸ்லாந்தின் இசாஃபியோர்டூர் என்ற ஊரில் தேவையான புள்ளியை எடுத்தார். 2018ல் 116 பேரில் 114வது. முடித்துவிட்டுப் போகாமல், மெக்ஸிகோவின் 43 வயது ஹெர்மன் மத்ராஸோ கடைசி ஆளாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரும்வரை நின்றார், மத்ராஸோவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இவரை விளம்பரப் பிரியர் என்று நீங்கள் சொன்னால் நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன். ஆனால் 15 கிலோமீட்டரும் ஓடி முடித்தார் இல்லையா.

பனி இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. இந்தியாவின் சிவ கேசவன் மணாலிப் பக்கத்துக்காரர், குளிர்காலத்தில் பனிக்குக் குறைவில்லாத இடம். ஆனால் லூஜ் தடம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. அவர் தானே செய்த வண்டியில் சக்கரம் பூட்டி, இமயமலைத் தார்ச்சாலைகளில், எதிரே லாரியும் குறுக்கே ஆட்டு மந்தையும் வர, படுத்த வாக்கில் இறங்கிப் பழகினார். 1998 நகானோவுக்குப் போகும்போது வயது 16. அதிலிருந்து 2018 வரை ஆறு ஒலிம்பிக்ஸ். 2014ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் தேசியக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார், அவர் போட்டி முடிந்தபிறகுதான் தடை நீங்கியது. அதே 2014 சோச்சியில் பயிற்சி ஓட்டம் ஒன்றில் வண்டியிலிருந்து கழன்று விழுந்து, சறுக்கிக்கொண்டே வண்டியைப் பிடித்து மறுபடி ஏறிப் படுத்து ஓட்டத்தை முடித்த வீடியோ கிடைத்தால் பாருங்கள். ரோட்டில் பழகினவருக்குத்தான் அது வரும் என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க முடியாது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கர்லிங்கில் (பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கவிடும் விளையாட்டு) தங்கம் வாங்கியது பிலிப்பைன்ஸ், இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 5-3 என்று தோற்கடித்து. எப்படி என்றால், அணியில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் வேர் உள்ள ஸ்விட்சர்லாந்துக்காரர்கள், அவர்களில் சிலர் பல வருடமாக அங்கே ஆடிப் பழகியவர்கள். இது போங்கு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது நான் சொல்கிற கணக்குக்குச் சாட்சி மாதிரிதான் தெரிகிறது. ரத்தம் அதே ரத்தம்தானே, மாறியது பனிக்கட்டியில் கழித்த நேரம் மட்டும்.

இடத்தைப் பறிக்கிறார்களா என்று கேட்டீர்கள். மலைச்சரிவு ஸ்கீயிங்கை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றில் விதி வேறு. ஒரு நாட்டுக்கு ஒரு போட்டியில் அதிகபட்சம் நாலு பேர். ஆஸ்திரியாவின் ஐந்தாவது ஆள் வீட்டில் உட்காருவது இந்த உச்சவரம்பால், யாரோ வெயில் நாட்டுக்காரர் வந்ததால் இல்லை. சிறிய நாடுகளுக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று அடிப்படை இடம் உண்டு, அதுவும் சும்மா வராது. சர்வதேசப் போட்டிகளில் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் (இதில் புள்ளி குறையக் குறைய நல்லது), 2018ல் அந்த எல்லை 140. முன்பு வாசல் இதைவிட அகலமாகத் திறந்திருந்தது உண்மை, பிறகு இறுக்கிவிட்டார்கள். மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் யாரோ ஒருவருக்கு இடம் போகும்தான், ஆனால் அந்த யாரோ ஒருவர் பதக்கத்துக்கு ஆடுகிறவர் இல்லை.

கானாவின் குவாமே நிக்ருமா-அச்சியாம்பாங் இங்கிலாந்தில் ஓர் உள்ளரங்கப் பனிச்சரிவில் வரவேற்பாளராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஸ்கீ கற்றுக்கொண்டவர். 2010 வான்கூவரில் ஸ்லாலம் போட்டியில் (நட்டுவைத்த கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது) நூற்றுச் சொச்சம் பேர் இறங்கி முடித்தது 48 பேர், அவர் 47வது. மற்றவர்களெல்லாம் விழுந்தோ, கம்பைத் தவறவிட்டோ வெளியே போனார்கள். கடைசியாக வரக்கூடாது என்பதுதான் அவர் லட்சியமாக இருந்தது, வரவில்லை.

2022 பெய்ஜிங்கில் ஜயன்ட் ஸ்லாலம் நடந்த யான்சிங் மலையில் தடம் முழுவதும் எந்திரத்தில் செய்த பனி. போட்டியன்று பார்த்து நிஜப் பனி கொட்டித் தீர்த்தது, எதிரே இருக்கும் கொடிகூடச் சரியாகத் தெரியவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கி இரண்டு சுற்றையும் முடித்தவர்கள் 46 பேர். 45வது இடம் காஷ்மீரின் குல்மார்க் பக்கத்தைச் சேர்ந்த ஆரிஃப் கானுக்கு, அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே ஆள் அவர்தான். 46வது பெஞ்சமின் அலெக்ஸாண்டர், ஜமைக்காவின் முதல் மலைச்சரிவு ஸ்கீ வீரர். டிஜேயாக இருந்தவர், முதன்முதலில் ஸ்கீ மாட்டியதே 32 வயதில், அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் கால்கரியில் வண்டி கவிழ்த்த அதே டட்லி ஸ்டோக்ஸ். தங்கம் வாங்கிய மார்கோ ஓடர்மாட்டைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் வந்தார். இரண்டு நாள் ஸ்கீ பூட்ஸ் மாட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன், அந்தச் சரிவில் அந்த வெளிச்சத்தில் நான் முதல் கொடியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். அடுத்த தடவை பார்ப்பதாக இருந்தால் முப்பதாவது ஆளோடு சேனலை மாற்றிவிடாதீர்கள், இவர்களெல்லாம் அதற்கப்புறம்தான் இறங்குவார்கள்.